துப்பறியும் காட்சிகளும் துணைநின்ற இசையும் – ஒரு வரலாற்று நோக்கு

அச்சம் என்னும் மெய்ப்பாடு நான்கு இடங்களில் பிறக்கும் என்று வகுத்தார் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர் என்பன அந்நான்கு. தொலைக்காட்சித் தொடர்களின் காலத்திலும் இவ்வகுப்பு பயன்படுகிறது என்பது வியப்புக்குரியது. பேய்க் கதைகள் அணங்கின் பாற்படும். கொலை, கொள்ளை, புலன்விசாரணை ஆகியவற்றைச் சொல்லும் கதைகள் கள்வரின் பாற்படும். முன்னதில் அஞ்சப்படும் பொருள் மனிதனுக்கு அப்பாற்பட்டது. பின்னதில் அது மனிதனே. பெரும்பாலும் நம் கண்முன் நடமாடும் மனிதன். ஆதலின் துப்பறியும் காட்சிக்கு அமைக்கும் இசைக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. பேய்க்கதை இசை அச்சத்தைப் பெருக்கினால் போதும். துப்பறியும் கதை இசையோ, 'யார்?' என்னும் வினாவை விடை சொல்லாமல் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டுவிட்டதே தமிழ்த் தொலைக்காட்சி இசையின் குறை. அது எப்படி நேர்ந்தது என்பது ஆராயத் தக்கது.

கள்வருக்கும் இசைக்கும் உள்ள உறவு தமிழில் புதிதன்று. பாலைத் திணைக்குரிய பறை துடி. வழிப்பறி செய்வோரின் வருகையை அறிவித்த அதன் ஒலியைக் கேட்ட வழிப்போக்கர் நடுங்கினர். ஒலி முந்தி வரும். ஆள் பிந்தி வருவான். இன்றைய பின்னணி இசையாளர் செய்வதும் இதுவே. இதற்கு மறுதலையான காட்சியும் நம் இலக்கியத்தில் உண்டு. பொருநராற்றுப்படையில், பாலை யாழின் இன்னிசையைக் கேட்ட ஆறலை கள்வர் கையிலிருந்த படைக்கலத்தை நழுவவிடுகின்றனர். பத்துப்பாட்டின் மற்றொரு பாட்டான சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஓய்மானாடு, இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த நிலப்பகுதி. கிடங்கில் என்னும் அவனது ஊர் திண்டிவனத்தோடு ஒட்டியது. சீறியாழ் ஏந்திய பாணர் நடந்த வழிகளாக அப்பாட்டு காட்டுவன, வானூர் வட்டாரத்தார் இன்று பேருந்தில் செல்லும் வழிகளுக்கு அணித்தானவை.

திரைக்குப் பின்னால் ஓர் ஒலி

இப்பகுதியில் இருட்டும் எதிர்பார்ப்பும் இசையும் ஒன்றுகூடிய இடம் கூத்துக்களரி. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், வானூர் வட்டாரச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாவையொட்டி இரவு முழுவதும் நடைபெறும் தெருக்கூத்தில் மத்தளம் அல்லது மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் என்பன துணைநிற்கும் கருவிகள். முகவீணை நாகசுரத்தின் இளைய உடன்பிறப்பு எனலாம். அளவில் சிறியது, குரலில் கூரியது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்தவெளியின் கடைக்கோடியில் போர்வைக்குள் சுருண்டிருப்பவனையும் எட்ட வேண்டியிருந்ததால் அந்தக் கூர்மை தேவையாயிற்று.

கூத்தில் முதன்மைப் பாத்திரம் எடுத்த எடுப்பில் அரங்குக்கு வருவதில்லை. இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்பர். அதன் பின்னே கால்சலங்கை ஒலிக்கும். கிரீடத்தின் நுனி மேலே தெரியும். மத்தளக்காரர் நடையை விரைவுபடுத்துவார். முகவீணை ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். திரை விலகுவதற்குள் அவையோரின் மூச்சு மாறிவிடும். சிலப்பதிகார அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைச் சொல்கிறது. கரந்து வருதல் என்னும் அச்சொல்லே ஒரு மர்மக் கதைக்குத் தலைப்பாகத் தக்கது.

கூத்தைப் பார்ப்போருக்குக் கதை முன்பே தெரியும் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். கீசகன் இருட்டு மண்டபத்திற்குள் நுழைகிறான். சைரந்திரி காத்திருப்பதாக எண்ணுகிறான். அங்கே இருப்பவன் பீமன். இது கீசகனுக்கு மட்டுமே தெரியாது. ஆகவே அங்கே இசை மறைக்க வேண்டிய செய்தி எதுவுமில்லை. நிகழப்போவதைத் தள்ளிப்போடுவது ஒன்றே அதன் வேலை. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமாக ஆர். நடராஜ முதலியார் எடுத்ததும் இந்தக் 'கீசக வத'த்தையே என்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் புதிய கருவி கையில் கிடைத்ததும் இருட்டறையும் மறைந்திருக்கும் கையும் கொண்ட கதை தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது மெய்.

மேலை நாட்டு மௌனப் படக் கொட்டகைகளில் வேறொரு வழக்கம் வளர்ந்தது. மனநிலை வாரியாகத் துண்டு இசைகளை எழுதி அச்சிட்டு விற்றனர். அமெரிக்காவில் 1913இல் சாமெக்னிக் வெளியிட்ட தொகுப்பில் திருடன் பதுங்கிச் செல்வதற்கென்றே ஓர் இசைத்துண்டு உண்டு. பெர்லினில் ஜூசெப்பே பெச்சே 1919 முதல் இத்தகைய துண்டுகளின் பெருந்தொகுதியை வெளியிட்டார். பியானோ வாசிப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே தக்க பக்கத்தைப் புரட்ட வேண்டியதுதான். எந்தக் கதைக்கும் பொருந்தும் இசை என்பது எந்தக் கதைக்கும் உரியதல்லாத இசை. இந்த ஆயத்த இசை வழக்கம் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின் சென்னைத் தொலைக்காட்சிக் கூடங்களில் மறுபிறவி எடுத்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

பேசும் படம் வந்தபின் சிலர் இசையைத் துப்பறிவின் ஒரு பகுதியாகவே ஆக்கினர். ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' என்னும் படத்தில் (1931) குழந்தைகளைக் கொல்பவன், நார்வே இசைமேதை கிரீகின் மெட்டு ஒன்றைச் சீட்டியடிக்கும் வழக்கமுடையவன். அவனை அடையாளம் காண்பவர் பலூன் விற்கும் பார்வையற்ற முதியவர். கண்ணுள்ள காவல்துறைக்கு அகப்படாதவன் காதுக்கு அகப்படுகிறான். மெட்டு அங்கே அலங்காரமன்று, தடயம். இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு காண்பது அரிது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் இவ்வகை இசையின் முன்னோடி 'டிராக்நெட்'. 1949இல் வானொலியிலும் 1951இல் தொலைக்காட்சியிலும் தொடங்கிய அத்தொடருக்கு வால்டர் ஷூமன் அமைத்த முகப்பிசையின் முதல் நான்கு சுரங்கள் உலகறிந்தவை. அச்சுரங்கள் 'தி கில்லர்ஸ்' (1946) படத்திற்கு மிக்லோஷ் ரோஷா அமைத்த இசையிலிருந்து வந்தவை என்று வழக்கு எழுந்தது. வருவாயையும் பெயரையும் பகிர்ந்துகொள்ளும் உடன்பாட்டில் அது முடிந்தது. துப்பறியும் இசையே குற்றவாளிக் கூண்டில் நின்ற வேடிக்கை அது. நகைப்பை விட்டு நோக்கினால் அத்தொடரில் ஒரு நேர்மை உண்டு. ஒவ்வொரு கதையின் இறுதியிலும் வழக்கு விசாரணையின் முடிவு அறிவிக்கப்படும். தீர்ப்புக்குப் பின்னரே இசை ஓங்கி முழங்கி நிறைவுறும். தீர்ப்புக்கு முன் முழங்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

1954: ஒரு வீணைக் கலைஞரின் துணிவு

தமிழில் புலனாய்வுக் கதைக்கு இசை எப்படி இருக்க வேண்டும் என்ற வினா முதன்முதலில் முழுமையாக எழுந்தது 'அந்த நாள்' படத்தில். 1954 ஏப்ரல் 13 அன்று வெளியான அப்படத்தை ஏ.வி.எம். நிறுவனத்திற்காக இயக்கியவர் எஸ். பாலசந்தர். 'வீணை' என்னும் அடைமொழியோடு பின்னாளில் உலகம் அறிந்தவர் அவரே. 1927இல் பிறந்த பாலசந்தர் குழந்தையாக இருக்கும்போதே 'சீதா கல்யாணம்' (1934) படத்தில் தோன்றினார். எவரிடமும் முறைப்படி பயிலாமல் பல கருவிகளைக் கைவசப்படுத்தி, இறுதியில் வீணையில் நிலைத்தார். பாடல் இல்லாவிட்டால் படம் ஓடாது என்பது வேதவாக்காக இருந்த காலம் அது. அக்காலத்தில் பாடலோ நடனமோ சண்டையோ இல்லாத ஒரு தமிழ்ப் படத்தை எடுத்தவர் இசை அறியாத ஒருவரல்லர். நரம்பின் ஒவ்வோர் அசைவையும் அறிந்த இசைக் கலைஞர். இதனைத் தமிழ்த் திரை வரலாற்றாசிரியர்கள் ஒரு வியப்பாகக் குறித்துவிட்டு மேலே செல்கின்றனர். ஆனால் இது வியப்பன்று. இசையின் ஆற்றலை அறிந்தவனுக்கே அதனை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும்.

கதை 1943 அக்டோபரில் நிகழ்கிறது. ஜப்பானியக் குண்டு விழுந்த சென்னை. ராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். படம் அந்தத் துப்பாக்கி ஒலியோடுதான் தொடங்குகிறது. மனைவி உஷா, தம்பி பட்டாபி, தம்பியின் மனைவி ஹேமா, அண்டைவீட்டுச் சின்னையா பிள்ளை, அம்புஜம் என்னும் பெண் ஆகியோர் விசாரிக்கப்படுகின்றனர். குற்றப் புலனாய்வு அதிகாரி சிவானந்தமாக நடித்த ஜாவர் சீதாராமனே படத்தின் வசனகர்த்தா. ராஜனாகச் சிவாஜி கணேசனும் உஷாவாகப் பண்டரிபாயும் நடித்தனர். ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்லி வேறொருவரைச் சுட்டுகின்றனர். ஒரே மனிதனின் சாவு வெவ்வேறு வாய்களில் வெவ்வேறு கதையாகிறது. அகிரா குரோசவாவின் 'ராஷோமோன்' பாலசந்தரைத் தூண்டியது என்பது பலரும் அறிந்தது.

இத்தகைய அமைப்பில் பின்னணி இசைக்கு நேரும் இடர்ப்பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். தம்பி பேசும்போது இசை சற்று இருண்டு ஒலித்தால் அவன் மேல் ஐயம் விழும். மனைவி அழும்போது வயலின் அவளோடு சேர்ந்து அழுதால் அவள் குற்றமற்றவள் என்று இசையே சான்று கூறியதாகிவிடும். ஐவருள் எவருக்கும் சார்பாகவோ எதிராகவோ சாட்சி சொல்ல இசைக்கு உரிமை இல்லை. பாடலுக்கோ இதனினும் இடமில்லை. பாடுபவரோடு அவையோர் உடனே ஒன்றிவிடுவர். ஆகவே படத்தில் பாட்டு இல்லாமற் போனது புதுமை மோகத்தால் மட்டும் நேர்ந்ததாகக் கொள்வதற்கில்லை. கதையின் நியாயமே அதை வேண்டியது. இறுதியில் சுட்டவர் யார் என்று தெரியும்போது, அழுதவரையும் ஐயுற்றவரையும் நாம் பின்னோக்கி மீண்டும் எண்ண வேண்டியிருக்கிறது. இசை முன்கூட்டி வாய் திறந்திருந்தால் அந்த மீள்பார்வைக்கு இடமே இருந்திராது.

பின்னணி இசை அறவே இல்லாத படம் என்று சிலர் எழுதுவது பிழை. இருந்த இசையை வாசித்தவர்கள் ஏ.வி.எம்மின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழுவினர். ஏ.வி. மெய்யப்பன் திரைத்தொழிலுக்கு வருமுன் இசைத்தட்டு வணிகம் செய்த நிறுவனத்தின் பெயர் அது. பாட்டை விற்றுப் பொருளீட்டிய ஒருவர் பாட்டில்லாத படத்திற்குப் பணம் போட்டார் என்பதும் அந்த வரலாற்றின் ஒரு சுவை. படம் முதல் வெளியீட்டில் நன்றாக ஓடவில்லை. எனினும் அவ்வாண்டின் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இரண்டாவது தமிழ்ப் படத்திற்கான தகுதிச் சான்றிதழைப் பெற்றது.

பாலசந்தர் அதன்பின் 'அவனா இவன்' (1962), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) ஆகிய மர்மப் படங்களை இயக்கி இசையும் தாமே அமைத்தார். 'பொம்மை'யில் வெடிகுண்டு மறைத்த ஒரு பொம்மை கைமாறிக் கைமாறிச் செல்கிறது. பார்ப்போருக்கு அது தெரியும். எடுத்துச் செல்வோருக்குத் தெரியாது. கூத்துக்களரியின் கீசகன் உத்தியே அது, நகரத் தெருவில். வாழ்க்கையின் பிற்பகுதியில் சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் உண்மையில் யாருடையவை என்று ஆவணங்களைத் தேடி வாதிட்டவரும் இவரே. அவர் வாதத்தை ஏற்காதோர் பலர். ஆனால் இசையுலகிலும் அவர் ஒரு புலனாய்வாளராகவே இருந்தார் என்பதில் ஐயமில்லை. 1990இல் அவர் மறைந்த நாளும் ஏப்ரல் 13.

பாலசந்தர் காட்டிய வழியைத் திரையுலகம் பின்பற்றவில்லை. 1960களில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் துப்பறியும் படங்களுக்கும், ஏ.வி.எம்மின் 'அதே கண்கள்' (1967) படத்திற்கும் இசையமைத்த வேதா, கிதாரையும் டிரம்பெட்டையும் கொண்டு வேகத்தை முன்னிறுத்தினார். அவற்றில் மர்மம் ஒரு கொண்டாட்டம்; நிறையப் பாட்டுகளும் உண்டு. பின்னர் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980), 'நூறாவது நாள்' (1984) ஆகியவற்றில் இளையராஜா, நரம்புக் கருவிகளைக் கொண்டு மனநோயின் உட்புறத்தைக் காட்டினார். 'சைக்கோ' (1960) படத்திற்குப் பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டுமே பயன்படுத்தி அமைத்த இசை உலகெங்கும் ஓர் இலக்கணம் ஆகிவிட்டிருந்தது. குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் முதலில் கருதினார் என்பதும், ஹெர்மன் தாமே எழுதிக் காட்டி அவர் மனத்தை மாற்றினார் என்பதும் நினைவுகொள்ளத் தக்கவை. வைப்பதா விடுப்பதா என்ற வழக்கு அங்கேயும் நடந்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்த மர்மம்

சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. 1993இல் தனியார் தமிழ் அலைவரிசைகள் வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. 2006இல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தின் வழி 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி சிற்றூர்க் குடிசைகளுக்கும் வந்தது. கூத்து இரவுக்காகக் காத்திருந்த ஊர், இரவுதோறும் ஒரு கொலைக் கதையைக் காணும் ஊராயிற்று.

தொலைக்காட்சி மர்ம இசையின் தன்மையைத் தீர்மானித்தவை இரண்டு. ஒன்று, கருவியின் அளவு. திரையரங்கின் பெரிய ஒலிபெருக்கி தரும் அடித்தாழ்ந்த அதிர்வைப் பெட்டியின் உள்ளங்கையளவு ஒலிபெருக்கியால் தர இயலாது. நெஞ்சில் அதிரும் தாழ்சுரம் போய்விட்டால் எஞ்சுவது நடு, மேல் தாயிகளே. ஆகவே கீச்சிடும் நரம்பொலியும் உலோக ஒலியும் மிகுந்தன. மற்றொன்று, பார்ப்பவரின் கவனம். கொட்டகையில் இருட்டில் அமர்ந்தவன் வேறெங்கும் நோக்க இயலாது. வீட்டிலோ குக்கர் கூவும், குழந்தை அழும், வாசலில் யாரோ அழைப்பர். அடுக்களையில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கச் செய்ய ஓர் அதிர்வொலி வேண்டும். ஒரே முகத்தை மும்முறை காட்டி மும்முறையும் 'டம்' என்று அடிக்கும் வழக்கம் இதனால் விளைந்தது. நகைப்பதற்குரியதாயினும் அதற்கு ஒரு காரணம் உண்டு. திறந்தவெளிக்கு முகவீணையின் கூர்மை எப்படியோ, அடுக்களைக்கு இந்த 'டம்' அப்படி.

தொழில் நடந்த முறையும் இதற்கு உடந்தை. வாரத்தில் ஐந்து நாள் ஒளிபரப்பாகும் தொடரின் ஒவ்வொரு பகுதியையும் பார்த்து, நேரம் குறித்து, இசை எழுதி, கலைஞர்களை அமர்த்தி வாசிக்கச் செய்யக் காலமும் இல்லை, பணமும் இல்லை. தொடக்கத்தில் முகப்பிசை ஒன்றும், சோகம், மகிழ்ச்சி, மர்மம், பகை என்று தலைப்பிட்ட துண்டுகள் சிலவும் ஒலிப்பதிவாகும். அவற்றை வெட்டி ஒட்டுவார் படத்தொகுப்பாளர். பெர்லினில் பெச்சே அச்சிட்டு விற்றதும் இதுவே! 1983இல் மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 'மிடி' முறை வந்தபின் ஒருவரே விசைப்பலகை முன் அமர்ந்து நரம்புக் குழு முழுவதையும் போலி செய்ய முடிந்தது. எம்.பி. சீனிவாசன் முன்னின்று சங்கம் கண்ட சென்னைத் திரையிசைக் கலைஞர்களுக்கு, தொலைக்காட்சி புதிய வேலையைத் தரும் என்ற எதிர்பார்ப்பு பெரிதும் பொய்த்தது. வேலை வந்தது, ஆள் வேண்டியிருக்கவில்லை.

கடன் வாங்கிய உத்திகள் தமிழ்ச் செவியில் என்ன ஆயின என்பது இன்னும் சுவையானது. மேனாட்டார் இடைக்காலம் முதல் 'பிசாசின் இடைவெளி' என்று ஒதுக்கியதாகச் சொல்லப்படும் ஒரு சுர இடைவெளி, மர்ம இசையின் கருவூலம். அது ஷட்ஜத்திற்கும் பிரதி மத்திமத்திற்கும் உள்ள தொலைவேயன்றி வேறில்லை. 72 மேளகர்த்தாக்களுள் 36இல் பிரதி மத்திமம் உண்டு. கல்யாணியில் அது மங்கலம். சுபபந்துவராளியில் அது துயரம். தம்பூராவின் சுருதியில் தோய்ந்த செவி அதில் பிசாசைக் கண்டதில்லை. அதுபோன்றே 'மிஷன் இம்பாசிபிள்' தொடருக்கு லாலோ ஷிஃப்ரின் 1966இல் அமைத்த ஐந்தெண்ணிக்கைத் தாளம் மேலைச் செவிக்கு நிலைதடுமாற்றம் தந்தது. நான்கில் முடியும் என்று எதிர்பார்த்த கால் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. திருப்புகழின் சந்தங்களில் ஊறியவருக்குக் கண்டச் சாபு அன்றாடப் பழக்கம். அங்கே பதற்றமாக இருந்தது இங்கே துள்ளலாகிறது.

ஒலியில் இயல்பாக அமைந்த அச்சம் என்பது மிகக் குறைவு என்பதற்கு வானூர் வட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. மர்ம இசையாளர் விரும்பும் கருவிகளுள் ஒன்று 'வாட்டர்போன்'. எஃகுக் கிண்ணத்தில் சிறிது நீர் விட்டு, விளிம்பைச் சுற்றி நிற்கும் கம்பிகளை வில்லால் இழுத்தால் எழும் அலையும் உலோக நாதம் பலரை மயிர்க்கூச்செறியச் செய்யும். ஆரோவில்லில் 2003 முதல் இயங்கும் 'சுவரம்' இசைக்கருவிப் பட்டறையில் செய்யப்படும் மணிகளும் தட்டுகளும் குழாய்களும் எழுப்பும் நாதம் அதற்கு நெருங்கிய உறவு. அங்கே அதனைக் கேட்போர் கண்மூடி அமைதி கொள்கின்றனர். ஆகவே அச்சம் ஒலியில் மட்டும் இல்லை. எதை எதிர்பார்க்கச் செய்து, எதைத் தராமல் நிறுத்துகிறார் இசையாளர் என்பதில் இருக்கிறது. திரை பிடித்து நின்ற கூத்துக்காரருக்குத் தெரிந்த இவ்வுண்மை விசைப்பலகையில் ஆயத்தமாக வரும் ஒலிகளை நம்பியோருக்கு மறந்துபோயிற்று.

தொலைக்காட்சியில் நல்ல முயற்சிகளே இல்லை என்பதன்று. 1993இல் தூர்தர்ஷனில் வந்த 'பியோம்கேஷ் பக்ஷி' இந்தித் தொடருக்கு ஆனந்த சங்கர் அமைத்த முகப்பிசை, ஓசையைக் குறைத்து ஆவலை வளர்த்தது. தமிழில் 1990களில் நாகா இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில் வந்த 'மர்ம தேசம்' ஊரையே பெட்டியின் முன் அமர்த்தியது. அதன் 'விடாது கருப்பு' பகுதியில், தண்டிப்பது காவல் தெய்வமா மனிதனா என்பதே முடிச்சு. தொல்காப்பியரின் நான்கனுள் அணங்கும் கள்வரும் ஒரே உருவில் வருவது அதன் புதுமை. இரண்டுள் எது என்று தெரியாதவரை இசை இரண்டிற்கும் பொதுவாக ஒலிப்பது முறையே. அதன் வெற்றியைக் கண்டு வந்த தொடர்கள் அந்தப் பொதுமைக்கான காரணத்தை விட்டுவிட்டு, கொலை என்றால் உடுக்கை, ஐயம் என்றால் பம்பை என்று வைத்துக்கொண்டன.

தீர்ப்புக்கு முந்திய முழக்கம்

கற்பனைக் கதையோடு இது நின்றிருந்தால் சுவைக்குறை என்று விட்டுவிடலாம். நிகழ்ந்த குற்றங்களை நடித்துக் காட்டும் நிகழ்ச்சிகள் 1990களின் இறுதியில் இந்தியிலும், பின்னர் தமிழிலும் பெருகின. கைதாகி, முகம் மூடப்பட்டு, காவல் வண்டியில் ஏற்றப்படும் ஒருவர். வழக்கு இன்னும் நீதிமன்றத்திற்கே செல்லவில்லை. அவர் படத்தை மெதுவாக நகர்த்திக் காட்டி, அடியில் தாழ்ந்த முழக்கமும் மேலே கீச்சிடும் நரம்பொலியும் சேர்க்கின்றனர். அறிவிப்பாளர் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று சொல்லைக் காத்துப் பேசுகிறார். இசை அக்காவலை ஏற்பதில்லை, 'இவனே' என்கிறது. சொல்லைத் திருத்தச் சொல்லி நீதிமன்றம் செல்லலாம். ஒரு வீணான சுரத்தை எப்படி மறுப்பது? பின்னர் அவர் விடுதலையானால் அச்செய்திக்கு இசை இருப்பதில்லை.

பம்பாய் உயர்நீதிமன்றம் 2021 சனவரி 18 அன்று வழங்கிய தீர்ப்பில், புலன்விசாரணை நடக்கும்போது ஊடகங்கள் நீதிபதி வேலையை மேற்கொள்வதைக் கண்டித்தது. குற்ற நிகழ்ச்சியை மறுபடி நடித்துக் காட்டி, குற்றம் சாட்டப்பட்டவர் அதை இப்படிச் செய்தார் என்று சித்திரிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் நெறி வகுத்தது. தமிழருக்கு இது புதிய பாடமன்று. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட அளவிலே ஆராயாது கோவலன் உயிரைக் கொண்ட பாண்டியனின் கதை நம் முதற்காப்பியம். தொல்காப்பியர் அச்சத்திற்கு நான்காம் நிலைக்களனாக இறையை, அதாவது ஆட்சியை, வைத்ததன் பொருள் இங்கே விளங்கும். கள்வனைக் கண்டு அஞ்ச வேண்டிய குடிமகன், 'கள்வன்' என்று தன்னைச் சுட்டிவிடுவார்களோ என்றும் அஞ்ச வேண்டியிருக்கிறது. 'அந்த நாள்' படத்தில் ஐவருக்கும் கிடைத்த செவ்வி, இன்று உண்மை மனிதர்களுக்குக் கிடைப்பதில்லை.

அண்மைக் காலத்தில் இணையவழித் தொடர்கள் வந்தபின் ஒவ்வொரு பகுதிக்கும் தனியே இசை எழுதும் வழக்கம் மீண்டிருக்கிறது. 2022 சூனில் வெளிவந்த 'சுழல்' அவற்றுள் இம்மாவட்டத்தாருக்கு நெருக்கமானது. புஷ்கர், காயத்ரி இணையர் உருவாக்கி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய அத்தொடருக்கு இசை சாம் சி.எஸ். காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடும் புலன்விசாரணை, ஒரு கற்பனை ஊரில் மயானக் கொள்ளை விழாவின் நாள்களை ஒட்டி நடக்கிறது. மயானக் கொள்ளைக்குப் புகழ்பெற்ற மேல்மலையனூர் விழுப்புரம் மாவட்டத்தது. அங்காளம்மன் வழிபாட்டின் ஒலிகளும் வேடங்களும் இதனால் உலகின் பல நாடுகளில் ஒரு குற்றக்கதையின் சூழலாயின. ஊரின் தெய்வத்தை விரிவாகக் காட்டியதற்கு மகிழலாம். அந்த விழாவையோ அதன் கருவிகளையோ அறியாத அயலூர்ச் செவிக்குப் பம்பை இனிக் கொலையின் அறிகுறியாகவே பதியுமோ என்ற கவலையையும் மறைப்பதற்கில்லை.

வானூர், திண்டிவனம் பக்கத்திலிருந்து பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மனைக் காணச் செல்வோர் உண்டு. அமாவாசைக்கு மேல்மலையனூர் செல்வோரும் உண்டு. அமாவாசை நள்ளிரவில் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்தின்போது பம்பையும் உடுக்கையும் ஓங்கி ஒலிக்கின்றன. தொலைக்காட்சியில் அவ்வொலி எழும் நொடியில் குழந்தையின் கண்ணைப் பொத்தும் அதே தாய், அங்கே கூட்டத்திற்கு மேலே குழந்தையைத் தூக்கிப் பிடித்து முன்னே செல்கிறாள்.